நாளைக்கு உனக்கு லீவா?

ஃப்ரிட்ஜ் சர்வீஸ் கால் சென்டரில் சேர்ந்த புதிது. பேசுவதெல்லாம் தமிழில்தான், பேசி முடித்ததும் ஆங்கிலத்தில் இரண்டு வரி நோட் போட வேண்டும். ஒருவர், "நான் நாளைக்கு வீட்லதான் இருப்பேன், ஆளை அனுப்புங்க" என்றார். நான் தட்டினேன்: 'கஸ்டமர் டோல்ட் தட் ஐ வில் பி அட் ஹோம் டுமாரோ.'

டி.எல். (டீம் லீடர்) எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நாளைக்கு உனக்கு லீவா?" என்றார்.

புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நமக்கு 'என்று' இருக்கிறது. அதற்கு முன்னால் யார் சொன்னதையும் சொன்னபடியே வைத்துவிடலாம். 'நான்', 'நாளைக்கு', 'இருப்பேன்' எதையும் தொட வேண்டாம். 'தட்' என்பதும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். ஆனால் 'தட்'டுக்குப் பின்னால் பேசுவது நான். அவருடைய 'ஐ' எனக்கு 'ஹீ'. 'வில்' என்பது 'டோல்ட்', 'செட்' (said) போன்ற இறந்தகாலத்தின் பின்னாலேயே போய் 'வுட்' ஆகிறது. 'டுமாரோ' 'த நெக்ஸ்ட் டே' ஆகிறது. 'டோல்ட்' போட்டால் யாரிடம் என்று 'மீ'யும் வேண்டும்; 'செட்' போட்டால் அந்தத் தொல்லை இல்லை. (நான் இப்போது 'செட்' கட்சி.)

தமிழிலும் அயற்கூற்று, அதாவது ஒருவர் சொன்னதை நம் வாக்கியமாக மாற்றிச் சொல்வது, உண்டே என்று அப்புறம் யோசித்தேன். 'தான் மறுநாள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.' 'நான்' 'தான்' ஆகிவிட்டது, 'நாளைக்கு' 'மறுநாள்' ஆகிவிட்டது. காலம் மட்டும் அசையவில்லை. 'இருந்ததாகச் சொன்னார்' என்றால் கதையே வேறு, ஏற்கெனவே வீட்டில் இருந்திருக்கிறார் என்று ஆகிவிடும். அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹேட் பீன்' வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'இஸ்' வந்தால் 'வாஸ்', 'வாஸ்' வந்தால் 'ஹேட் பீன்' என்று அட்டவணையாக மனப்பாடம் செய்தபோது இதை யாரும் சொல்லவில்லை.

கேள்விகளில் இன்னும் சறுக்குகிறேன். "டெக்னீஷியன் எப்ப வருவார்?" என்று கேட்டால் கை தானாக 'ஆஸ்க்ட் வென் வில் த டெக்னீஷியன் கம்' என்று போகிறது. கேள்வி உள்ளே போனதும் சாதாரண வாக்கியமாக வரிசை மாற வேண்டும்: 'வென் த டெக்னீஷியன் வுட் கம்'.

போன வாரம் 'ஷீ செட் த ஃப்ரிட்ஜ் இஸ் லீக்கிங்' என்று போட்டிருந்தேன். பக்கத்து சீட் புதுப் பெண், "அக்கா, 'வாஸ்' வரணும்ல?" என்றாள். 'வாஸ்' போட்டாலும் சரி, சொன்னது இப்போதும் உண்மையாக இருந்தால் 'இஸ்' இருந்தாலும் சரி. மாற்றவில்லை. அந்த அம்மா வீட்டில் தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டுதானே இருக்கிறது!