கினௌவித்? – மித்திமாத்தலிக் நாட்குறிப்பு

மே 9, 2024, வியாழன்

கனடாவின் ஒட்டாவாவிலிருந்து, வடகோடி நூனவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகரான இக்காலுயிட்டுக்கு விமானத்தில் மூன்று மணி நேரம். அங்கிருந்து சிறிய விமானத்தில் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே. இறங்கியபோது வெப்பம் மைனஸ் பதினொன்று. இங்கே ஆசிரியையாக இருக்கும் தோழி என் பையை வாங்குவதற்குள் நான்கைந்து சிறுவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கினௌவித்?" உன் பெயர் என்ன என்று கேட்கிறார்களாம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நீ யார்?" என்றுதான் பொருள். "மாணிக்கம்" என்றேன். ஒவ்வொருவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள்.

வரைபடத்தில் இந்த ஊரின் பெயர் பாண்ட் இன்லெட். 1818இல் இப்பக்கம் கப்பலோட்டி வந்த ஜான் ராஸ், இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜான் பாண்டின் பெயரை இந்த நீர்ப்பரப்புக்கு வைத்துவிட்டுப் போனார். பாண்ட் இங்கே கால் வைத்தவரே அல்ல. ஊரார் சொல்வது மித்திமாத்தலிக். மித்திமா இருக்கும் இடம். அந்த மித்திமா இங்கேதான் புதைக்கப்பட்டார் என்கிறார்கள். இந்தக் குறிப்புகளில் ஊரார் சொல்லும் பெயரையே எழுதப் போகிறேன்.

இரவு பதினொன்றரை. எதிரே பைலாட் தீவின் மலைகள் மேல் வெயில் அடிக்கிறது. மே முதல் வாரத்தில் ஏறிய சூரியன் இனி ஆகஸ்ட் வரை மறையாது. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் இன்னும் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை.

மே 10, வெள்ளி

தோழியோடு பள்ளிக்குப் போனேன். சுவரில் இனுக்டிடுட் எழுத்து அட்டவணை. இங்குள்ள பழங்குடிகளான இனுயிட் மக்களின் மொழி அது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

நம்முடையதைப் போலவே உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்துகள். ஆனால் கொம்பு, கால், சுழி எதுவும் கிடையாது. எழுத்தையே திருப்புகிறார்கள். கூரை போன்ற ஒரு கோணம். கூர்முனை மேலே பார்த்தால் "பி", வலப்பக்கம் பார்த்தால் "பு", இடப்பக்கம் பார்த்தால் "ப". தனி மெய் வந்தால் சிறிய எழுத்தாக மேலே தூக்கி எழுதுகிறார்கள். தலையில் புள்ளியும் உண்டு, நமக்கு நேர்மாறாக. நம் புள்ளி உயிரை நீக்கும், இவர்கள் புள்ளி உயிரை நெடிலாக்கும். ஒரு புள்ளி இங்கே மூச்சை நீட்டுகிறது என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

1840களில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ என்ற பழங்குடி மொழிக்காக அமைத்த எழுத்துகளிலிருந்து வந்தவை இவை. இந்த ஊர் இருக்கும் பாஃபின் தீவில் எட்மண்ட் பெக் என்ற பாதிரியார் பரப்பினார். ஆனால் ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் மக்களேதான். கூடாரங்களில் தாய் பிள்ளைக்கும், அண்ணன் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே படிக்கத் தெரிந்த சமூகம் இது.

பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் சிக்கல். சின்ன வகுப்புகளில் தாய்மொழி, மேலே போகப் போக ஆங்கிலம். 2020க்குள் எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மொழியிலும் பாடம் நடக்கும் என்று நூனவுட் 2008இல் சட்டம் இயற்றியது. 2020 வந்தபோது சட்டத்தைத் திருத்திக் கெடுவை 2039 வரை தள்ளிவைத்தார்கள். ஆசிரியர்கள் போதவில்லை என்கிறார்கள். அதற்குள் ஒரு தலைமுறை பள்ளியை முடித்துவிடும். இன்று நான் பார்த்த ஆறு வயதுக் குழந்தைகள் அதில் சேர்ந்தவர்கள்.

மே 12, ஞாயிறு

நாள் முழுவதும் காற்று. வீட்டுக்குள்ளேயே இருந்தோம்.

கடலோடு உறைந்து நிற்கும் பனிமலையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கொத்தி வந்த பாளத்தை உருக்கித் தேநீர் போட்டார் தோழி. கடலில் நின்றாலும் அது உப்பில்லாத நீர். வீட்டுத் தொட்டிக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. தேநீருக்கு மட்டும் இதுதான் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்களாம். ஒரு வாய் குடித்ததும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

இன்று தெரிந்துகொண்டது: இவர்களுக்கும் பருவம் ஆறு. நாம் இளவேனில், முதுவேனில் என்று பிரிப்பதைப் போல வசந்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முன்னது உபிர்ங்ஙக்சாக், வசந்தம் ஆகப் போவது. பின்னது உபிர்ங்ஙாக், வசந்தமே. இப்போது எது என்று கேட்டேன். தோழி பனியைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

மே 14, செவ்வாய்

தோழிக்குப் பழக்கமான ஒரு பாட்டி வீட்டில் சாப்பாடு. தரையில் அட்டை விரித்து, உறைந்த பச்சை மீனை நடுவில் வைத்து, பிறை வடிவ ஊலுக் கத்தியால் சீவிச் சீவிச் சாப்பிட்டோம். வாயில் முதலில் பனி, பிறகு கொழுப்பு, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு.

பாட்டியின் பேத்திக்கு எட்டு வயது. பாட்டி அவளை "அத்தாத்தா" என்று கூப்பிட்டார். அத்தாத்தா என்றால் அப்பா. தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடியும் அதே சொல். பாட்டியின் தந்தை பெயரை அந்தப் பெண் சுமக்கிறாள், அதனால் அவள் பாட்டிக்கு அப்பா. இறந்தவரின் பெயர் ஒரு குழந்தையிடம் வரும்போது அவருடைய உறவும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை. ஒரே பெயர் உள்ளவர்களுக்குச் சௌனிக் என்று ஒரு சொல் இருக்கிறது. எலும்பு என்பதும் அதே சொல்தான்.

நான் என் கதையைச் சொன்னேன். மாணிக்கம் என் தாத்தா பெயர். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் எங்கள் மொழியில் பேரனுக்குப் பெயரன் என்று பெயர். ஆனால் அது மாமனார் பெயர் என்பதால் அம்மா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; கடைசிவரை "ராசா"தான். தோழி மொழிபெயர்த்ததும் பாட்டி புருவத்தை உயர்த்தினார். இங்கே அது "ஆமாம்". சொல்லாமலே புரிந்தது என்கிற ஆமாம்.

பிறகு அவராகவே எழுந்து ஒரு சிறு வட்டத்தை எடுத்துவந்தார். நாணய அளவு, நடுவில் கிரீடம், நூல் கோக்க ஒரு துளை. 1940களில் கனடா அரசு ஒவ்வோர் இனுயிட்டுக்கும் இப்படி ஒரு வில்லை கொடுத்தது. கிழக்கே உள்ளவர்களுக்கு ஈ, மேற்கே உள்ளவர்களுக்கு டபிள்யூ, அதன் பின்னால் எண். குடும்பப் பெயர் என்பதே இல்லாத மக்களின் பெயர்களை அதிகாரிகளால் எழுத முடியவில்லை, அதனால் எண். 1968 முதல் 1971 வரை ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்த பிறகுதான் வில்லைகள் கழன்றன. பாட்டி தம் எண்ணை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார். எட்டுத் தலைமுறை உறவை ஒரு சொல்லில் வைத்திருப்பவர்களிடம் பெயர் இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்! இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

1953இல் இந்த ஊரிலிருந்து மூன்று குடும்பங்களை இன்னும் வடக்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியதையும் சொன்னார். தெற்கே கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து அரசு அங்கே கொண்டுவந்தவர்களுக்கு இருட்டுக் காலத்தில் பிழைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று அந்த மக்களுக்கு வாக்குக் கொடுத்து, காப்பாற்றவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

மே 16, வியாழன்

பாட்டியின் மகன் பனி விளிம்புக்கு அழைத்துப் போனார். உறைந்த கடல் முடிந்து திறந்த நீர் தொடங்கும் இடம், சினாக். அவர் பனி மோட்டார் ஓட்ட, பின்னால் கட்டிய கமுத்திக் என்ற நீள மரச்சறுக்கில் நான். அதில் ஓர் ஆணி கிடையாது. குறுக்குச் சட்டங்கள் எல்லாம் கயிற்றால் பிணைத்தவை. மேடு பள்ளத்தில் வண்டி நெளிந்து கொடுக்கிறது. ஆணி அடித்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே பிளந்திருக்கும்.

வழியில் வெயில் காய்ந்த சீல்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, இரும்புமுனைக் கோலால் பனியைக் குத்திப் பார்த்தார், தலையசைத்தார், வேறு பக்கம் திருப்பினார். ஏன் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. நான் பார்த்தது வெள்ளை மட்டும்.

விளிம்பில் நீர் கறுப்பாக இருந்தது. இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். முதலில் மூச்சுதான் கேட்டது, யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டதைப் போல. பிறகு புள்ளி விழுந்த சாம்பல் முதுகுகள், ஒன்றன்பின் ஒன்றாக. நார்வால் திமிங்கிலங்கள். இவர்கள் மொழியில் தூகாலிக், தந்தம் உடையது. ஒன்று மட்டும் தந்தத்தை நீருக்கு மேலே நீட்டிச் சாய்த்து, மெல்ல மறைந்தது. அவர் என் தோளைத் தொட்டு, எண்ணு என்று சைகை செய்தார். பதினான்கு வரை எண்ணினேன்.

திரும்பும்போது, முன்பெல்லாம் இதைவிட நிறைய வரும் என்றார். மேரி நதி இரும்புச் சுரங்கத்தின் தாதுக் கப்பல்கள் 2015 முதல் கோடையில் இந்த நீர்வழியாகவே போகின்றன. சுரங்கத்தை விரிவாக்கும் திட்டத்தை 2022இல் மத்திய அரசு நிராகரித்தது. இந்த ஊர் வேட்டைக்காரர்கள் பனியில் நின்று போராடாமல் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மே 18, சனி

விமான நிலையத்துக்குப் பாட்டி வரவில்லை, பேத்தியை அனுப்பியிருந்தார். அவள் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். பென்சிலில் ஐந்து எழுத்துகள். எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினாள். புள்ளி வைத்த மா. நி. மேலே சிறியதாக ஒரு க். க. சிறியதாக ஒரு ம்.

"ணி"க்கு அவர்களிடம் எழுத்து இல்லை. "நி" போதும் என்று சொன்னேன். பின்னாலிருந்து அவள் அம்மா கூப்பிட்டார், தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவள் மூக்கைச் சுருக்கினாள். இங்கே அது "முடியாது".