90 நாள் கெடு: ஸ்டெப்-அப் திட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு

2019 மே மாதத்தில், நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்து ஓராண்டு முடிந்திருந்த சமயத்தில், கணினி விளையாட்டுகளின் காட்சிகளை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை, ஈவிஜிஏ நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 2070ஐ, வாங்கினேன். ஜூலை 2 அன்று, இந்தக் கார்டுகளுக்கான சிப்புகளை வடிவமைக்கும் என்விடியா, தன் மேம்படுத்திய சூப்பர் வரிசையை அறிவித்தது. 2070 வெளிவந்தபோது அதற்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த அதே 499 டாலருக்கு 2070 சூப்பர் வரப்போவதாகவும், அதில் 2304 கோர்களுக்கு (கணக்கிடும் அலகுகளுக்கு)ப் பதிலாக 2560 கோர்கள் இருப்பதாகவும், அதுவும் ஒருபடி மேலான 2080 கார்டில் பயன்படுத்தப்பட்ட பெரிய சிப்பின் மேல் கட்டப்பட்டதாகவும் படித்தபோது வயிறு எரிந்தது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் போதுமே என்று அன்று இரவு முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கார்டு வந்த பெட்டிக்குள் கிடந்த ஒரு சிறு தாளில் ஸ்டெப்-அப் என்ற சொல்லைப் பார்த்தது நினைவுக்கு வந்தது அடுத்த நாள்தான்.

அந்தத் திட்டத்தின் அடிப்படை எளிமையாக இருந்தது. கார்டை வாங்கிய 90 நாட்களுக்குள், பில்லைக் காட்டிப் பதிவு செய்து, அதைவிட உயர்ந்த ஈவிஜிஏ கார்டு ஒன்றைக் கேட்க முடிந்தது. பில்லில் உள்ள தொகையில் வரி, அனுப்புசெலவு, தள்ளுபடியாகத் திரும்பக் கிடைத்த பணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மீதியை முழுமையாக வரவு வைத்து, புதிய கார்டின் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நம் ஊர்க் கடைகளில் தீபாவளிக்குத் தீபாவளி நடக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அங்கே பழைய ஃபிரிட்ஜுக்குக் கடைக்காரர் மனம்போன விலையைப் போடுவார். இங்கே இரண்டு மாதம் ஓடிய கார்டுக்கு, அது புதியதாக இருந்தபோது கொடுத்த விலையே வரவானது. இரண்டு மாதத் தேய்மானத்தை நிறுவனமே ஏற்றுக்கொண்டது என்பதுதான் இதன் உயிர்நாடி.

2070 சூப்பருக்கு மாறுவதற்கு நான் விலை வித்தியாசமாக 30 டாலரும், பழைய கார்டை அனுப்புவதற்கும் புதியதைப் பெறுவதற்குமாக ஏறத்தாழ இன்னொரு 30 டாலரும் செலவழித்தேன். கார்டு இல்லாத இரண்டு வாரம், கணினியின் மையச் செயலிக்குள்ளேயே இருக்கும் எளிய இன்டெல் கிராஃபிக்ஸை வைத்து ஓட்டினேன். விளையாட்டு இல்லாத அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது என்பது தனிக் கதை. 60 டாலருக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை வேகம் கூடியது. மின் தேவையும் 175 வாட்டிலிருந்து 215 வாட்டாக ஏறியது. இது இலாபமா என்று அப்போது கேட்டிருந்தால் தயங்காமல் ஆம் என்றிருப்பேன். பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்த விடை நான் எண்ணியதைவிட நிபந்தனைகள் மிகுந்தது என்று புரிந்தது.

இத்திட்டம் எப்போது உண்மையாகவே பெரும் இலாபம் தந்தது என்பதற்கு 2017ஐவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஜிடிஎக்ஸ் 1080 கார்டு 2016 மே மாதம் 599 டாலருக்கு வெளிவந்தது. 2017 பிப்ரவரி இறுதியில் அதைவிட மேலான 1080 டிஐ கார்டை 699 டாலருக்கு அறிவித்த என்விடியா, அதே மேடையில் 1080இன் விலையை 499ஆகக் குறைத்தது. அந்த ஜனவரியில் 599 கொடுத்து 1080 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்டெப்-அப் இல்லையென்றால் அவர் தன் கார்டை ஈபே என்ற இணையச் சந்தையில் விற்றாக வேண்டும்; புதியதே 499க்குக் கிடைக்கும்போது பழையதற்கு 430 டாலருக்கு மேல் யாரும் தர மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், தளத்துக்கான பத்து விழுக்காடு கட்டணம் போக, கையில் 387 டாலர் நிற்கும். டிஐ கார்டுக்காக அவர் இன்னும் 312 டாலர் போட வேண்டியிருக்கும். ஸ்டெப்-அப் வழியாகப் போனால் 100 டாலரும் அனுப்புசெலவும் மட்டுமே. ஏறத்தாழ 200 டாலர் மிச்சம், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரோடு பேரம் பேசும் தொல்லை இல்லாமல்.

இந்தக் கணக்கை உற்றுப் பார்த்தால், மிச்சமான தொகையில் ஏறத்தாழ பாதி 1080இன் விலை விழுந்ததால் வந்தது என்பது தெரியும். வாங்குபவர் தன் கார்டோடு சேர்த்து, மூன்று மாதத்துக்குள் விலை சரிந்தால் ஈடுகட்டும் ஒரு காப்பீட்டையும் வாங்கியிருக்கிறார். மேலான கார்டுக்கு மாறும் வசதி என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், உள்ளபடியே அது விலைச் சரிவுக்கு எதிரான காப்பீடு. அப்படியானால் அதன் மதிப்பு, அடுத்த 90 நாட்களுக்குள் ஏதாவது புதிதாக வருமா என்பதைப் பொறுத்தது. ஒரு தலைமுறை வெளிவந்த உடனேயே வாங்குபவருக்கு அந்தக் காப்பீட்டால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. தலைமுறையின் கடைசி மாதங்களில், அடுத்தது வரப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கிய பிறகு, அவசரத்தால் வாங்கியே தீரவேண்டிய நிலையில் இருப்பவருக்கு அது பொன்.

புதிய வெளியீடு எதுவும் இல்லாதபோது, ஒரே தலைமுறைக்குள் மேலே ஏறுவது வேறு கதை. 349 டாலருக்கு 2060 வாங்கிய ஒருவர் மனம் மாறி 2070 வேண்டும் என்று கேட்டிருந்தால் 150 டாலரும் அனுப்புசெலவும் கட்டி மாறிக்கொண்டிருக்கலாம். பழையதை விற்றுப் புதியது வாங்குவதைவிட இது மலிவுதான். ஆனால் முதலிலேயே யோசித்து 2070 வாங்கியிருந்தால் அந்த அனுப்புசெலவும் கார்டு இல்லாத நாட்களும் மிஞ்சியிருக்கும். அத்தோடு, முதல் சில வாரங்களுக்குள் மனம் மாறினால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதை அமெரிக்காவில் இருப்பவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்போது வரியும் சேர்ந்தே திரும்பி வரும். ஸ்டெப்-அப்பில் வரி கணக்கில் வரவில்லை. நியூ ஜெர்சியின் 6.625 விழுக்காட்டு வரியில் 500 டாலர் கார்டுக்கு அது 33 டாலர். நான் செலவு 60 டாலர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே, முதல் பில்லில் கட்டிய வரியை அதில் சேர்க்கவே இல்லை.

இதைவிட நுட்பமான செலவு ஒன்று உண்டு. அது எந்தப் பில்லிலும் வராது. மாற்றிக்கொள்ளும் உரிமை கையில் இருக்கிறது என்று தெரிந்தவுடன், அதைப் பயன்படுத்தாமல் விட்டால் நட்டம் என்ற எண்ணம் தொற்றிக்கொள்கிறது. 90 நாள் கெடுவும் அதை விரைவுபடுத்துகிறது. 2070 எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. என் திரையின் தெளிவு 1440பி என்ற நடுத்தர அளவுதான், நான் ஆடிய விளையாட்டுகளில் அந்தப் பத்து விழுக்காட்டு வேறுபாட்டை எண்களைப் பார்க்காமல் என்னால் சொல்லியிருக்க முடியாது. கெடு முடியப்போகிறது என்பதால்தான் மாற்றினேன். நானாவது 60 டாலரோடு தப்பித்தேன். 350 டாலருக்கு மேல் செலவழிப்பதில்லை என்ற உறுதியோடு தொடங்கி, வித்தியாசம் கொஞ்சம்தானே என்று ஒருபடி ஏறி, மாதத் தவணையில் 700 டாலர் கார்டில் போய் நின்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

வரவு வைக்கப்பட்டது பில் விலை என்றாலும், புதிய கார்டுக்குப் பிடிக்கப்பட்டது நிறுவனம் அறிவித்த விலை என்பதும் கவனிக்கத்தக்கது. கடைகளில் அதே கார்டு தள்ளுபடியில் 40 டாலர் குறைவாகக் கிடைத்திருக்கலாம். ஸ்டெப்-அப்பில் அந்தத் தள்ளுபடி கிடைக்கவில்லை. எந்தெந்த மாடல்களுக்கு மாறலாம் என்ற பட்டியலும் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆகவே இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது, ஸ்டெப்-அப் இருக்கிறது என்பதற்காக மட்டும் 40 டாலர் அதிகம் கொடுத்து ஒன்றை வாங்குவது, புதிய வெளியீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது, சரியான முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

2020இல் இந்தத் திட்டம் யாரும் எதிர்பாராத வடிவம் எடுத்தது. செப்டம்பர் 1 அன்று என்விடியாவின் அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 30 வரிசை அறிவிக்கப்பட்டது. 3080இன் விலை 699 டாலர், 499 டாலர் 3070 பழைய 2080 டிஐயைவிட வேகமாக ஓடும் என்ற அறிவிப்பு. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து டிஐ வாங்கியவர்கள் பதறிப்போய் 500 டாலர் அளவுக்கே அதை விற்றுத் தள்ளினார்கள். அந்தக் கோடையில் 699 டாலருக்கு 2080 சூப்பர் வாங்கியிருந்தவர்களோ, ஏறக்குறைய வித்தியாசமே இல்லாமல் 3080க்கு மாறலாம் என்று வரிசையில் போய் நின்றார்கள். வரிசை நகரவில்லை. சிப் தட்டுப்பாடு, இந்தக் கார்டுகளைக் கொண்டு கிரிப்டோ நாணயங்களை உருவாக்கும் கிரிப்டோ சுரங்கம், பெருந்தொற்றுக் காலத்துத் தேவை என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். 2021 ஜனவரியில், சீனாவிலிருந்து வரும் கார்டுகளுக்கான சுங்கவரி விலக்கு முடிவடைந்ததால், ஈவிஜிஏ தன் விலைகளையும் உயர்த்தியது.

அப்போது பலர் வரிசையைக் கண்டு சலித்துக்கொண்டார்கள். என் கருத்தில் அந்தச் சலிப்பு நியாயமற்றது. வெளிச்சந்தையில் 3080 இரு மடங்கு விலைக்குப் போன நாட்களில், அறிவித்த விலைக்கு ஒன்றைப் பெறும் உரிமை அந்த வரிசையில் நின்றவர்களிடம் இருந்தது. முறை வரும்வரை பழைய கார்டும் அவர்கள் கணினியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காத்திருப்பது எரிச்சலூட்டும் என்பது உண்மை. ஆனால் கார்டு இல்லாமல் காத்திருப்பதும் கார்டை வைத்துக்கொண்டு காத்திருப்பதும் ஒன்றல்ல.

ஒரு நிறுவனம் ஏன் இப்படி ஒரு சுமையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொள்கிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் கெடுவை மறந்துவிடுவார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். திரும்பி வந்த கார்டுகளை ஈவிஜிஏ சோதித்து, ஓராண்டு வாரண்டியோடு பி-ஸ்டாக் என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்றது. புதிய கார்டு நேரடியாக நிறுவனத்திலிருந்தே போவதால் கடைக்காரரின் பங்கும் அதனிடமே தங்கியது. எனினும் இவையெல்லாம் இலாபவிகிதம் ஓரளவு இருக்கும்வரைதான் தாங்கும். 2022 செப்டம்பரில் ஈவிஜிஏ கிராஃபிக்ஸ் கார்டுத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. அதன் வருவாயில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்தக் கார்டுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. என்விடியாவோடு இருந்த மனக்கசப்பே காரணம் என்று அதன் தலைவர் ஆண்ட்ரூ ஹான் கூறினார். புதிய கார்டின் விலை தங்களுக்கே மேடையில் அறிவிக்கப்படும்போதுதான் தெரிகிறது என்பது அந்தக் குறைகளில் ஒன்று. அதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அடுத்த கார்டின் விலை தனக்கே தெரியாத ஒரு நிறுவனம், அந்த விலைக்கு மாற்றித் தருவதாக 90 நாள் முன்னதாகவே ஆயிரக்கணக்கானோருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு முன்னரும் இப்படி நடந்திருக்கிறது. பிஎஃப்ஜி டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 100 நாள் மாற்றுத் திட்டமும் வாழ்நாள் வாரண்டியும் தந்து பெயர் பெற்றிருந்தது. 2010இல் அது மூடப்பட்டபோது, பழுதுபார்க்க அனுப்பிய கார்டுகள் சரிசெய்யப்படாமலே உரியவர்களிடம் திரும்பி வந்தன. நிறுவனத்தின் ஆயுளைவிட வாக்குறுதியின் ஆயுள் நீளமாக இருக்க முடியாது என்பதால், ஸ்டெப்-அப்பின் 90 நாள் எல்லை எனக்கு இப்போது குறையாகத் தெரியவில்லை.

இன்று அமெரிக்காவில் இதற்கு ஈடாக இருப்பவை கடைகளின் திட்டங்கள். நியூஎக் என்ற இணையக் கடை 2023இல் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கிக்கொண்டு புதியதற்கு வரவு வைக்கத் தொடங்கியது. ஆனால் அதில் பழைய கார்டின் விலையைக் கடைதான் நிர்ணயிக்கிறது. ஆக, அது மீண்டும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரே. விற்கும் தொல்லையைத் தவிர்க்க விரும்புபவருக்கு ஏற்றது, விலைச் சரிவிலிருந்து காப்பாற்றாது. காப்பீட்டுக்கு மிக அருகில் வருவது கடைகளின் பண்டிகைக்கால ஏற்பாடுதான்: நவம்பர், டிசம்பரில் வாங்கியவற்றை ஜனவரி நடுப்பகுதி வரை திருப்பித் தரலாம்.

என் மைத்துனர் 2024 டிசம்பரில் 999 டாலருக்கு 4080 சூப்பர் வாங்கினார். ஜனவரி 6 அன்று லாஸ் வேகஸில் என்விடியா 5080ஐ அதே 999 டாலருக்கு அறிவித்ததும், கெடு முடிவதற்குள் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்து, வரி உட்பட முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் பெருமையடித்தார். கணக்குப்படி அவர் செய்தது சரிதான். ஆனால் ஜனவரி 30 அன்று 5080 வெளிவந்தபோது சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. பிறகு கிடைத்தவையெல்லாம் அறிவித்த விலையைவிடப் பல நூறு டாலர் கூடுதல். திருப்பிக் கொடுத்த 4080 சூப்பரும் அதற்குள் கடைகளில் காணாமல் போயிருந்தது. அவருக்கென்று ஒரு வரிசையும் இல்லை, முறை வரும்வரை வைத்துக்கொள்ளக் கையில் ஒரு கார்டும் இல்லை. என் அலமாரியில் கிடந்த பழைய 2070 சூப்பரைத்தான் வாங்கிப்போய் மே மாதம் வரை பயன்படுத்தினார். இன்னும் அதைத் திருப்பித் தரவில்லை.