புள்ளி வைத்த ஒரு சீன ஒலிக்குறியும் அதன் குறியெண்ணும்

1920களில் அச்சான சீன மொழிப் பாடநூல்களை மின்னாக்கம் செய்த ஒரு குழுவில், எழுத்துருவையும் தரவுத்தளத்தையும் கவனிக்கும் பொறுப்பு தைப்பேயில் எனக்குக் கிடைத்தது. சீன எழுத்துகளின் ஒலிப்பைக் காட்டப் பக்கத்தில் சிறிதாக அச்சிடப்படும் போபோமோஃபோ குறிகளே என் வேலையின் பெரும்பகுதி. அவற்றுள் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

கல்வி அமைச்சகம் 1918இல் வெளியிட்ட தொகுதியில் 39 குறிகள் இருந்தன. உதடு குவித்து ஒலிக்கும் 'ஓ'வுக்கும் குவிக்காமல் ஒலிக்கும் அதன் இணை உயிருக்கும் அப்போது ஒரே குறிதான். 1920இல் இரண்டாவதைப் பிரித்துக் காட்ட அதே குறியின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். பின்னாளில் அந்தப் புள்ளி கோடாக நீண்டு உடலோடு ஒட்டி, இன்று தைவான் பள்ளிகளில் கற்பிக்கப்படும் வடிவமாயிற்று. எங்கள் நூல்களிலோ புள்ளி இன்னும் புள்ளியாகவே நின்றது.

இன்றைய வடிவத்துக்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) தரத்தில் 12572 என்ற பதின்மக் குறியெண் தொடக்கத்திலிருந்தே உண்டு. புள்ளி வடிவத்துக்கு எதுவும் இல்லாததால், அவரவர் விருப்பப்படி எழுத்துகளை வைத்துக்கொள்ள ஒருங்குறி விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பணியைத் தொடங்கினோம். கோப்பு வேறொரு கணினிக்குப் போனதும் அவ்விடத்தில் கட்டமோ வேறொரு எழுத்தோ தோன்றியது. அந்தப் பகுதியின் இயல்பே அதுதான். 2017 ஜூனில் வெளியான ஒருங்குறி 10.0 புள்ளி வடிவத்துக்கு 12590 என்ற எண்ணை ஒதுக்கிய பிறகே மாற்றத் தொடங்கினோம். 'ஓ' குறிக்குப் பின் 775ஆம் எண்ணில் உள்ள, முந்தைய எழுத்தின் தலையில் அமரும் இணைப்புப் புள்ளியை இட்டால் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் 12590ஐ 'ஓ' குறியாகவும் புள்ளியாகவும் பிரிக்கும் விதி எதுவும் ஒருங்குறியில் இல்லாததால், ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் இயல்பாக்கத்தைச் செய்தாலும் இவ்விரண்டும் ஒன்றாகா. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. எனவே அந்த வழியை மறுத்தேன்.

உண்மையான உழைப்பு, பக்கப் படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரியிடம் (OCR) இருந்தது. பழைய தாளின் கறைகளை நீக்கும் கட்டத்திலேயே அது புள்ளியையும் தூசியாகக் கருதித் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் வெறும் 'ஓ' குறியாகவே தந்தது. இன்றைய ஒலிப்பு விதிகளைக் கொண்டு புள்ளியை மீட்கவும் வழியில்லை. ஏனெனில் பழைய ஒலிப்பைப் பின்பற்றிய பக்கங்களில், இன்று குவியாத உயிருடன் ஒலிக்கும் சொற்களுக்கும் புள்ளியற்ற குறியே சரியானது. ஆகவே 'ஓ' வந்த இடங்களை எல்லாம் மூலப் படத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால்தான் சரிபார்த்தோம். சலிப்பூட்டும் வேலைதான், இதற்கு நிரல் எழுதித் தப்பிக்கலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தரவுத்தளம் தொல்லை தரவில்லை. ஒருங்குறி எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் இந்த எழுத்து 227, 132, 174 என்ற மூன்று பைட்டுகளாகத்தான் சேமிக்கப்படுகிறது. தடங்கல் வேறிடத்தில் வந்தது. 12549 முதல் 12585 வரையிலான 37 எண்களை மட்டுமே ஒலிக்குறியாக ஏற்கும்படி யாரோ முன்பு எழுதிவைத்த சரிபார்ப்பு நிரல், புதிய எழுத்து வந்த வரிகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்தது. அது பயன்படுத்திய நிரலகத்தின் (library) ஒருங்குறிப் பதிப்பைப் புதுப்பித்து, எண் வரம்புக்குப் பதிலாக, ஓர் எழுத்து எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று ஒருங்குறி குறித்துவைக்கும் எழுத்துமுறைப் பண்பைக் கொண்டு சோதிக்குமாறு அதை மாற்றி எழுதினேன்.

எங்களிடமிருந்த எழுத்துருவில் வடிவம் இல்லாததால், எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் நானே வரைந்தேன். பக்கக் குறியாகச் சுருங்கும்போது புள்ளி மறைந்துவிடாதபடி, அச்சுப் படியில் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே வைத்தேன். குறியெண் வரிசைப்படி அடுக்கினால் இந்த எழுத்து பட்டியலின் கடைசிக்குப் போய்விடும் என்பதால், 12572க்கு அருகே நிற்குமாறு தனி வரிசை விதியும் எழுதினேன். தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி அமைத்தோம். படிப்பவர் இன்றைய வடிவத்தைத் தட்டினாலும் பழைய பக்கம் கிடைக்கும், ஆனால் திறந்த பக்கத்தில் 1920இன் புள்ளிதான் தெரியும்.