லிஸ்பனில் ஒரு நாள் நடை, கேட்காமல் வந்த ரொட்டி

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். லிஸ்பனில் பல ஓட்டல்களில் நீங்கள் உட்கார்ந்த உடனேயே ரொட்டி, ஆலிவ், குட்டிக் கிண்ணத்தில் மத்திமீன் விழுது எல்லாம் மேசைக்கு வந்துவிடும். நம்மூரில் இலை போட்டதும் ஊறுகாய் வைப்பதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்து நானும் ஒரு கை பார்த்தேன். பில்லில் ரொட்டிக்கு ஒரு வரி, ஆலிவுக்கு ஒரு வரி, விழுதுக்கு ஒரு வரி, மொத்தம் ஏழரை யூரோ! எங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டு பட்ஜெட்டே பன்னிரண்டுதான். இதற்குக் கூவேர் என்று பெயராம். தொடாமல் வேண்டாமென்று திருப்பிவிட்டால் காசு இல்லை. ஆனால் சுட்ட மத்தி மட்டும், சும்மா சொல்லக்கூடாது, கல்லுப்பு நறநறவென்று கடிபட, தோல் கருகி, முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

சரி, காலையிலிருந்து வருகிறேன். 28-ஆம் எண் டிராமில் ஊரைச் சுற்றுவதாகத்தான் திட்டம். வரிசையைப் பார்த்ததும் மனைவி, "நடந்தே போயிடலாங்க" என்றாள். தேஜு ஆற்றைப் பார்த்த பெரிய சதுக்கமான பிராசா து கொமெர்சியுவிலிருந்து கிளம்பினோம். அதன் பின்னாலுள்ள பாய்ஷா தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். 1755 நவம்பர் 1-ல் நிலநடுக்கம், கடல் அலை, தீ என்று அடுத்தடுத்து வந்து அழித்த பிறகு அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் பொறுப்பில் புதிதாகக் கட்டிய பகுதி அது. அங்கிருந்து மேடேறி அல்ஃபாமா என்ற பழைய பகுதிக்குள் நுழைந்தால் நேர்க்கோடு என்ற பேச்சே கிடையாது, சந்துக்குள் சந்து, படிக்கு மேல் படி, தலைக்கு மேலே காயப்போட்ட துணி.

நடைபாதையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள். கால்பட்டுக் கால்பட்டு வழவழவென்று ஆகிவிட்டதால் தேய்ந்த செருப்போடு போனால் வழுக்கும், நான் இரண்டு முறை வழுக்கினேன். மேட்டு உச்சியிலுள்ள கோட்டையின் வாசலில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டோம். சான்டா லூசியா என்ற காட்சி மேடையிலிருந்து ஆறு இலவசமாகவே தெரிகிறதே! அங்கே தேவாலயச் சுவரில் நீல ஓடுகளில் தீட்டிய சித்திரம் ஒன்று. காலையில் நாங்கள் நின்ற அதே சதுக்கம், நிலநடுக்கத்துக்கு முன்பு இருந்த கோலத்தில். ஒரு கட்டடம்கூட அடையாளம் தெரியவில்லை.

இறங்கும் வழியில் முட்டைக் கிரீம் வைத்த நாத்தா என்ற குட்டிப் பேஸ்ட்ரி சாப்பிட ஒரு கடையில் நுழைந்தோம். இடம் இருக்கிறதா என்று சைகையில் கேட்டதற்குக் கடைக்காரர் "மேசா, ஜனேலா" என்று கைகாட்டினார். ஜன்னலோர மேசை! இரண்டுமே போர்ச்சுகீசியர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள்தானே, சாவியும் அலமாரியும்கூட. அதற்கப்புறம் நாத்தா ஆளுக்கு மூன்று ஆனது, பட்ஜெட்டை மறந்தாயிற்று.

சாயங்காலம் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். காசு கொடுத்தாயிற்றே என்று மதியம் மிஞ்சிய இரண்டு துண்டு ரொட்டியை டிஷ்யூவில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். ஒன்றை நான் தின்றேன், இன்னொன்றை அசந்த நேரத்தில் கடற்காகம் கொத்திக்கொண்டு போய்விட்டது.