71ஆம் எண் ட்ராம்: வியன்னாவில் ஓர் உயிலின் பின்னால்

நம்மூரில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்போம். வியன்னாக்காரர்கள் எண்ணையே சொல்லிவிடுவார்கள்: ‘71 பிடித்துவிட்டார்.’ நகரத்தின் மையக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ட்ராம் அது. அதில் ஏறுவதற்கு முன் வேறு சில இடங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒரே நாளில் முடியாது, இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதல் இடம் ஹைலிகன்ஷ்டாட். யூ4 மெட்ரோவின் கடைசி நிறுத்தம். அங்கிருந்து 38ஏ பஸ்ஸில் சில நிமிடம், பிறகு கொஞ்சம் நடை. புரோபுஸ்காஸ 6ஆம் எண் வீடு இப்போது பீத்தோவன் அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் பூட்டிய கதவைப் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

1802 அக்டோபர் 6ஆம் தேதி, 31 வயது இசையமைப்பாளர் பீத்தோவன் தன் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தை ‘ஹைலிகன்ஷ்டாட் உயில்’ என்கிறார்கள். காது போய்க்கொண்டிருக்கிறது, வெளியே சொல்ல வெட்கம், உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றியபோது கலைதான் தடுத்தது என்பது வரை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குப் பின் வரும் கோரிக்கையை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். நான் இறந்தபின் என் மருத்துவர் டாக்டர் ஷ்மிட் உயிரோடிருந்தால், என் நோயை விவரித்து எழுதச் சொல்லி இந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். தம்பிகளுக்கு அனுப்பப்படாத அந்தக் கடிதம் 1827இல் அவர் இறந்தபின் காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. ஷ்மிட் 1809லேயே போய்விட்டார். மூலப் பிரதியைத் தேடி இங்கே வர வேண்டாம், அது ஹாம்பர்க் நூலகத்தில் இருக்கிறது.

அடுத்து 37ஆம் எண் ட்ராம் பிடித்து, வேரிங்கர் ஷ்ட்ராஸயில் சென்சன்காஸ நிறுத்தத்தில் இறங்குங்கள். எதிரே இருக்கும் கட்டடத்தின் பெயர் ‘யோசஃபினும்’. பேரரசர் இரண்டாம் யோசஃப் 1785இல் ராணுவ அறுவை மருத்துவர்களுக்காகத் திறந்த கல்விக்கூடம். டாக்டர் ஷ்மிட் இங்கேதான் பேராசிரியர். அவருக்கு பீத்தோவன் மூன்று வாத்தியங்களுக்கான ஒரு ட்ரியோவையே காணிக்கையாக்கியிருக்கிறார். உள்ளே இருப்பவை ஃப்ளாரன்ஸில் செய்து, ஆல்ப்ஸ் மலை வழியாகக் கோவேறு கழுதைகள் மேல் கொண்டுவந்த மெழுகு உடல்கள். மொத்தம் 1,192 மாதிரிகள். பிணம் அழுகும், மெழுகு அழுகாது. வெயில் காலத்திலும் பாடம் நடத்தலாம். கழுத்தில் முத்துமாலையோடு வயிறு திறந்து படுத்திருக்கும் பெண் உருவத்துக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கும். நிணநீர்க் குழாய்களைக் காட்டும் மாதிரிகளுக்கு அதிக நேரம் கொடுங்கள், வேலைப்பாடு அங்கேதான் இருக்கிறது. வாரம் முழுவதும் திறந்திருக்காது, கிளம்புமுன் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்.

இசையும் மருத்துவமும் இந்த ஊரில் ஒரே தெருவில் குடியிருந்தவை. நெஞ்சை விரலால் தட்டி ஒலியை வைத்து நோயறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்ட அவன்புருக்கர் இங்கே மருத்துவராக இருந்தவர். அப்பா சத்திரம் நடத்தியவர்; ஒயின் பீப்பாயைத் தட்டி எதுவரை நிறைந்திருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் யோசனை வந்தது என்று மருத்துவ வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. காற்றிருக்கும் இடமும் நீர் கோத்த இடமும் மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும்போல வேறு வேறாய் ஒலிக்கும். காது பழகாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். இதே அவன்புருக்கர் இசையமைப்பாளர் சாலியேரியின் ஆப்பரா ஒன்றுக்கு வசனமும் பாட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த சாலியேரி பீத்தோவனின் ஆசிரியர்களில் ஒருவர்.

பக்கத்திலேயே 1784இல் தொடங்கிய பழைய பொது மருத்துவமனை. இப்போது பல்கலைக்கழக வளாகம், முற்றங்களில் பீர்க் கடைகள். பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்த்த முதல் பிரிவில், 1847 ஏப்ரலில் தாய்மார் இறப்பு 18.3 சதவீதம். மே மாதம் அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஜூலையில் 1.2.

வளாகத்தின் பின்புறம் வட்டமாக நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம் நாரன்டுர்ம். மனநோயாளிகளை அடைத்து வைத்த 139 அறைகள். இன்று அதில் நோயியல் உடற்கூறு சேகரிப்பு. வயிறு லேசானவர்கள் சாப்பிடுவதற்கு முன் போவது நல்லது.

பீத்தோவனின் உயில் கேட்டதற்கு முதல் பதில் இங்கே வருகிறது. 1827 மார்ச் 26இல் அவர் இறந்த வீடு, சில நிமிட நடையில், ஷ்வார்ட்ஸ்ஷ்பானியர் ஷ்ட்ராஸ 15. பழைய கட்டடத்தை 1904இல் இடித்துவிட்டார்கள், பலகைதான் மிச்சம். நம் சித்த மருத்துவர்கள் மகோதரம் என்று சொல்லும் வயிற்று நீர்க்கோவைக்கு நான்கு முறை வயிற்றைத் துளைத்து நீர் எடுத்தார்கள். இறந்த மறுநாள் மருத்துவர் யோஹான் வாக்னர் பிரேதப் பரிசோதனை செய்து லத்தீனில் எழுதினார்: ஈரல் பாதியாகச் சுருங்கித் தோல்போல இறுகி, அவரை விதை அளவு முடிச்சுகளோடு இருந்தது, மண்ணீரல் இரு மடங்குக்கு மேல் பருத்திருந்தது, கேள்வி நரம்புகள் சுருங்கியிருந்தன. உள்காது இருக்கும் பொட்டெலும்புகளை ஆய்வுக்கென்று அறுத்து எடுத்தார்கள். அவை பிறகு தொலைந்தே போயின. செவிட்டுத்தன்மைக்கு இருந்த நேரடிச் சாட்சி அத்தோடு சரி.

இரண்டாம் பதில் 2023இல் வந்தது. அவருடையவை என்று சொல்லப்பட்ட எட்டு முடிக்கற்றைகளின் மரபணுவைப் படித்தார்கள். ஐந்துதான் நம்பத்தக்கவை. அவர் உடலில் ஈய நஞ்சு ஏறியிருந்தது என்ற கதைக்கு ஆதாரமாக இருந்த புகழ்பெற்ற கற்றை ஒரு பெண்ணுடையது! நம்பத்தக்க முடியில் ஹெபடைடிஸ் பி தொற்றும், ஈரல் நோய்க்கான மரபு வாய்ப்பும் தெரிந்தன. குடியையும் சேர்த்தால் வாக்னர் பார்த்த ஈரலுக்குக் கணக்கு ஏறக்குறைய சரியாகிறது. 2024இல் நம்பத்தக்க இரண்டு கற்றைகளிலேயே ஈயம் மிக அதிகமாக இருப்பதை அளந்தார்கள். ஆனாலும் உயிரைக் கொல்லும் அளவு அது இல்லை என்பதே அவர்கள் முடிவு. காது ஏன் போனது என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

இரண்டாம் நாள் 71. நேரம் குறைவென்றால் யூ3இல் சிம்மரிங் வரை போய் அங்கே ட்ராம் மாறலாம். இரண்டாம் வாசலில் இறங்குங்கள். முதல் வாசலில் இறங்கிவிட்டால் மதிலோரமாக நீண்ட நடை. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பு, 1874 முதல் அடக்கமானவர்கள் 30 லட்சம் அளவில், ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிட அதிகம்.

நேராக நடந்தால் இடப்பக்கம் 32ஏ பிரிவு. பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் என்று இசையமைப்பாளர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பதுபோல அருகருகே. இது பின்னால் செய்த ஏற்பாடு. பீத்தோவனையும் ஷூபர்ட்டையும் வேரிங் கல்லறையிலிருந்து 1888இல்தான் கொண்டுவந்தார்கள். பழைய இடம் இப்போது ஷூபர்ட் பூங்கா, முதல் கற்கள் அங்கேயே நிற்கின்றன. பீத்தோவன் கல்லில் பெயர் மட்டும், தேதி இல்லை. நடுவில் இருப்பது மொட்சார்ட்டின் நினைவுச் சின்னம்தான், கல்லறை இல்லை. பாதையின் மறுபக்கம் 14ஏ பிரிவில் பில்ரோத் கிடக்கிறார். 1881இல் இரைப்பைப் புற்றை வெட்டியெடுத்து நோயாளியை உயிரோடு எழுப்பிய முதல் அறுவை நிபுணர். பிராம்ஸ் நான்கு வாத்தியங்களுக்கான இரண்டு குவார்ட்டெட்களை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

வாசலருகே அடக்கச் சடங்கு அருங்காட்சியகம் இருக்கிறது, விடாதீர்கள். அடிப்பலகை திறந்து உடலைக் குழியில் விட்டுவிட்டு மறுபடி பயன்படும் சவப்பெட்டி அங்கே உண்டு. இரண்டாம் யோசஃபின் சிக்கனம்; மக்கள் கொதித்ததும் 1785இல் பின்வாங்கினார். இறந்தது நிச்சயம்தானா என்று இதயத்தில் குத்திப் பார்க்கும் மெல்லிய கத்தியும் இருக்கிறது. உயிரோடு புதைபடும் பயம் இந்த ஊரில் அவ்வளவு ஆழம்.

திரும்பும்போது முதல் வாசலில் இறங்கி யூதர் பகுதிக்குப் போங்கள். மருத்துவம் படித்துவிட்டு எழுத்துக்கு வந்த ஆர்தர் ஷ்னிட்ஸ்லர், 1931இல் இறந்தவர், அங்கே இருக்கிறார். இறந்தபின் இதயத்தில் குத்த வேண்டும் என்று அந்த டாக்டர் உயிலில் எழுதி வைத்திருந்தார்.