டோக்கியோ, 1958

மார்ச் 3, திங்கள்
மருந்துக்கடையில் நிற்கும்போது கோல் வந்தது. ரீவி பொது அறிவுப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டேனாம். 15ஆம் திகதி ஒளிப்பதிவு. வெள்ளைச் சேலையும் சின்னக் கட்டம் போட்டதும் வேண்டாம், கமெராவில் கண்ணைக் கூசும் என்றார்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கும் வரை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு
காலையில் தமிழ்ச் சங்க நூலகம், பின்னேரம் அப்பா. சீனி வருத்தம் அவருடைய கண்ணைப் பாதித்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுவது நான்தான். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வாசிப்பில் வந்தது.

பிதுருதலாகல மலை 2524 மீற்றர், மகாவலி ஆறு 335 கிலோமீற்றர் என்று நான் ஒப்புவித்தால் அவருக்குப் பிடிக்காது. மகாவலி எங்கே கடலில் விழுகிறது என்று கேட்பார். விளையாட்டு என்றால் கதை நீளும். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் வாங்கிய வெள்ளியில் தொடங்கி எதிர்வீரசிங்கத்திடம் வந்து நின்றுவிடுவார். 1958, டோக்கியோ, ஆசிய விளையாட்டுப் போட்டி, உயரம் பாய்தலில் தங்கம். யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர். அந்தச் செய்தி வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. பூவரசம் தடி இரண்டை நட்டு, குறுக்கே கயிறு கட்டி, ஊர்ப் பொடியன்கள் எல்லாரும் மாதக்கணக்கில் பாய்ந்தார்களாம். இந்தக் கதையை நூறு தரமாவது கேட்டிருப்பேன். இன்றும் கேட்டேன்.

மார்ச் 15, சனி
இரவு பதினொரு மணி. எல்லாவற்றையும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

கலையகத்துக்குள் ஏசி குளிர், முகத்தில் விளக்குச் சூடு. மூன்று பேர் போட்டி. ஒருவர் சீக்கிரமே பின்தங்கிவிட்டார். மிச்சம் நானும், ஹட்டனிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையும்.

சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்கவுக்குக் கிடைத்த பதக்கம் எது என்று கேள்வி வந்தது. பொத்தானை அழுத்தி, வெள்ளி என்றேன். தவறு என்றார்கள். அட்டையில் வெண்கலம் என்று இருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. கையை உயர்த்திச் சொன்னேன்: 2000ஆம் ஆண்டு 200 மீற்றரில் அவர் மூன்றாவதாக வந்தது உண்மை. ஆனால் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009 டிசம்பரில் ஒலிம்பிக் குழு சுசந்திகாவுக்கு வெள்ளியை வழங்கியது. ஒன்பது வருடம் கழித்து வந்த வெள்ளி. அதை ஓர் அட்டை மறுபடியும் வெண்கலமாக்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? புள்ளியைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

ஒளிப்பதிவை நிறுத்தினார்கள். கால் மணி நேரம் போல ஆளுக்காள் போனில் தேடினார்கள். அப்புறம், நீங்கள் சொன்னது சரி, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறோம், முதல் தரம் போலவே சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். சிரிக்கவும் சொன்னார்கள்.

கடைசிக் கேள்விக்கு வரும்போது இருவருக்கும் சம புள்ளி. "ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கப்..." அந்த இடத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் ஏற்கனவே ஒரு தரம் நிறுத்தியாயிற்று, கேள்வியை முழுதாகக் கேட்போம் என்று கை பொறுத்தது. அந்தப் பிள்ளை அழுத்திவிட்டாள். "எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தல்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பர் வாங்கிக்கொண்டோம். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்
புத்தாண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வென்றாயா என்று கேட்டார்கள். ஒளிபரப்பாகும் வரை சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டபோதும் "அவளை விடுங்கோ" என்றார். அப்பாவிடம் ஒன்றை இத்தனை நாள் மறைத்து வைத்தது இதுதான் முதல் தரம். அந்தரமாக இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு
ஒளிபரப்பு முடிந்தது. இனி இந்தப் பக்கங்களை வெளியிடலாம்.

அப்பா ரீவிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சுசந்திகா கேள்வி வந்ததும், "இந்த இடத்தில உன்ர குரல் வேற மாதிரிக் கிடக்கு" என்றார். ரீவியில் பார்த்த வேறு யாருக்கும் அது தெரிந்திராது. நடந்ததைச் சொன்னேன். என் தலையில் கை வைத்தார்.

கடைசிக் கேள்வி. அந்தப் பிள்ளையின் குரல் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் தோற்றதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"ஹட்டன் பிள்ளையோ? பத்தொன்பது வயசோ? அதுக்கு எப்படி அவரைத் தெரியும்?"

நான் கேட்கவில்லையே என்றேன்.

"இப்ப கேள்."

கோல் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம், வீடு நிறைய ஆட்கள் போல. அப்பா கேட்டதைச் சொன்னேன்.

"நான் ஸ்கூல்ல உயரம் பாய்ஞ்சவ அக்கா. எங்க சேர்தான் அவரப் பத்திச் சொன்னாரு."

அப்பா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு உயரம் பாய்ஞ்சனி, பிள்ளை?"