ஓஹா அன்று சம்பளக்காரர் இல்லை

நோரியோ ஓஹாவின் கதையை எங்கள் ஒலிக்கருவித் துறையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். டோக்கியோவில் இசை படித்துக்கொண்டிருந்த மாணவர், பாரிடோன் பாடகர். பின்னாளில் சோனி ஆன சின்னக் கம்பெனியின் டேப் ரெக்கார்டரில் என்னென்ன குறை என்று விலாவாரியாக எழுதிப் போட்டார். நாட்டியக்காரருக்கு நிலைக்கண்ணாடி மாதிரி பாடகனுக்கு ஒலிப்பதிவு, அது கோணலாகக் காட்டினால் எப்படி என்பது அவர் வாதம். கம்பெனியை நிறுவிய இபுகாவும் மொரிட்டாவும் அவரைத் துரத்தவில்லை, ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். 1959-இல் முழுநேர வேலை, 1982-இல் சோனியின் தலைவர். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதைத்தான் என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் என் பக்கமே திருப்பினான்.

"அண்ணா, நாளைக்கு ரிவ்யூல நானே சொல்லிடட்டுமா? நீங்கதானே ஓஹா கதை சொன்னீங்க?"

"மீட்டிங்ல வேணாம்டா. முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயா பேசிடலாம்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கே இத்தனை நாளாக மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் எங்கள் கம்பெனி வெளியிடவிருந்த ஒரு இயர்போன். பையன் ஊரில் மிருதங்கம் கற்றவன். ஒலியை ஓரளவுக்கு மேல் ஏற்றினால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் அப்படியே நிற்கின்றன, இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' மட்டும் சுருங்கிவிடுகிறது என்றான். ஒரு தாளில் எந்தப் பதிவு, எத்தனையாவது நிமிடம், எந்த ஒலி அளவு என்று வரிசையாக எழுதி வைத்திருந்தான். நம்மூர் வாத்தியத்துக்கு மட்டும்தான் என்று யாரும் தள்ளிவிடக் கூடாதென்று ஜப்பானிய முரசான தைக்கோவின் பதிவு ஒன்றையும் சேர்த்திருந்தான். எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவன் தொடையில் தாளம் போட்டபடி "இப்போ... இப்போ பாருங்க" என்றதும் கேட்டது. ஒருமுறை கேட்ட பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

காரணம் புரியாததல்ல. குட்டி ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் இருக்க, ஒலி ஏறும்போது அடி ஸ்தாயியைக் குறைத்துவிடும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருக்கும். அது தேவைக்கு மேல் சீக்கிரமாக வேலை செய்தது. மாற்றினால் சோதனைகளை எல்லாம் மறுபடி ஓட்ட வேண்டும். விற்பனைத் தேதியோ முடிவாகியிருந்தது.

ஜப்பானியக் கம்பெனியில் இருந்தவர்களுக்குத் தெரியும். கூட்டம் என்பது முடிவெடுக்கிற இடம் இல்லை, எடுத்த முடிவை வாசிக்கிற இடம். எனவே அன்று மாலையே அவனைக் கூட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். எல்லோரும் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்கள், நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றார்கள். மறுநாள் அந்தத் தாள், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது: அடுத்த மாடலில் பரிசீலிக்கலாம். அதை யாரும் வாசிக்கக்கூட இல்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குறையை எழுதிப் போட்டபோது ஓஹா அங்கே சம்பளக்காரர் இல்லை. அவருக்குக் குரல் இருந்தது, மேடை இருந்தது. கம்பெனிக்காரர்கள் கதவைச் சாத்தியிருந்தால் பாடப் போயிருப்பார். இந்தப் பையன் ஒப்பந்தக்காரன், இன்னொரு நிறுவனத்தின் வழியாக வந்தவன், விசாவும் அதோடு கட்டுண்டது. இயக்குநர் முன்னால், இயர்போனின் ஒலியைச் சரிசெய்கிற டியூனிங் குழு கோட்டைவிட்டதைச் சொல்லியிருந்தால் யார் தலை உருண்டிருக்கும்? என் தலை இல்லை.

சரி, அப்படியானால் கென் குடராகி? அவர் சோனியின் ஊழியர்தான். கம்பெனியில் பலருக்குத் தெரியாமல், வீடியோ கேம் கம்பெனியான நின்டெண்டோவுக்கு ஒலிச் சிப் வடிவமைத்தார். விஷயம் வெளியே வந்ததும் மேலே இருந்தவர்கள் கொதித்தார்கள், ஓஹாதான் காப்பாற்றினார். 1991-இல் சிகாகோ கண்காட்சியில் நின்டெண்டோவுடன் கூட்டாக விளையாட்டுக் கருவி என்று சோனி அறிவித்த மறுநாளே, நின்டெண்டோ பிலிப்ஸ் பக்கம் போய்விட்டது. அடுத்த வருடம், விளையாட்டுப் பொருள் நமக்கெதற்கு என்று பெரும்பாலோர் முனகிய கூட்டத்தில், குடராகி நாமே செய்யலாம் என்று நின்றார். ஓஹா செய் என்றார். செய் என்றதோடு விடவில்லை, தலைமையகத்தின் பொறாமைக் கண்களில் படாதபடி அவரையும் அவர் ஆட்களையும் இசைப் பிரிவுக்கு இடம் மாற்றினார். எனக்கு அந்த ஒரு வார்த்தையைவிட இந்த இடமாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1994 டிசம்பர் 3-இல் முதல் பிளேஸ்டேஷன் கடைக்கு வந்தது. கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது.

ஆக, கூட்டத்தில் பேசுவதற்குத் தைரியம் மட்டும் போதாது, மேலே ஒரு ஓஹா வேண்டும். இதுவும் என் கட்சிக்குத்தான் சாதகம் என்று நினைப்பேன். அப்புறம்தான் உறைக்கும்: அந்தப் பையன் அனுமதி கேட்டு வந்தது என்னிடம்.

ஓஹாவின் தைரியமும் எப்போதும் பலித்ததில்லை. அவர் காலத்தில்தான், 1989-இல், ஹாலிவுட் படக் கம்பெனியான கொலம்பியா பிக்சர்ஸை 340 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பிளேஸ்டேஷன் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு அதில் சுமார் 270 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். குடராகியும் அதே துணிச்சலோடு 2006-இல் பிளேஸ்டேஷன் 3-ஐ அமெரிக்காவில் 599 டாலர் வரை விலை வைத்து இறக்கினார். அது தடுமாறியது, மறு வருடம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இதையெல்லாம் எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியும். துணிந்து பேசுபவர்கள் விழுந்த இடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாடலில் அந்த அடி ஸ்தாயி சரியாகிவிட்டது. பெருமை டியூனிங் குழுவுக்குப் போனது, போகட்டும். பையன் அதற்குள் ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், இதைப் பற்றிப் பேசியதில்லை. குறை சரியானது, அவன் விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கணக்குப் பார்த்தால் என் வழி வேலை செய்திருக்கிறது.

அவன் எப்போதாவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒப்பந்தம், விசா, விற்பனைத் தேதி என்று காரணங்கள் இருக்கின்றன. எல்லாம் உண்மை. என் பதவி உயர்வுப் பேச்சு அந்த மாதம்தான் நடந்துகொண்டிருந்தது, அதை முடிவு செய்கிறவர்களில் டியூனிங் தலைவரும் ஒருவர் என்பதும் உண்மை. மீட்டிங்கில் வேண்டாம் என்று சொன்னபோது இவற்றில் எது முதலில் மனதுக்கு வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை.